இரண்டும் நின்ற நாட்கள்

எங்கள் குடியிருப்பின் லிஃப்ட்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகள் என்றோ வைத்த பட்டப்பெயர் மேல்கீழ். பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "மேல்கீழக் கூப்பிடு", "மேல்கீழ் எங்க போய்த் தொலைஞ்சார்" என்று எட்டு மாடியிலும் குரல் கேட்கும். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தப்படவும் தெம்பு வேண்டுமே. இருபத்தாறு வருடமாக அரைத்தூக்கத்தில் நடமாடுகிற முகம் அது.

நான் ஆறாம் மாடி. தனி ஆள். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் நிகழ்தகவுப் பாடம் என்றால் என் தலையில்தான் கட்டுவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் தப்புச் செய்தவள் நான். அதுவும் கணக்கில். இருபது வருடம் சாக்பீஸ் தூள் தின்றவள் செய்யக்கூடாத தப்பு.

கட்டடம் எழும்பியபோது லிஃப்ட் பொருத்த வந்த ஆட்களில் மேல்கீழும் ஒருவர். வேலை முடிந்ததும் மற்றவர்கள் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, இவரை மட்டும் குடியிருப்போர் சங்கம் நிறுத்திக்கொண்டது. மொட்டைமாடியில் மோட்டார் அறையை ஒட்டி ஓர் அறை கொடுத்தார்கள். கல்யாணம், குழந்தை, அந்தக் குழந்தைக்குக் கல்யாணம் எல்லாம் அந்த அறையிலிருந்தே நடந்தது. மோட்டார் ஓடும்போது சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். தலைமாட்டில் ஒரு மணி. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினால் அது அலறும். அவர் முழுசாக நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனை வருடமாயிற்று என்று கேட்டால், விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் கொட்டாவி விடுவார்.

இடது பக்க லிஃப்டை முதலில் பொருத்தினார்களாம். அதனால் அது பெரியவ. ஒரு வாரம் கழித்து வந்த வலது பக்கத்தது சின்னவ. பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது மாதிரியேதான் பேசுவார். "பெரியவளுக்கு நேத்துலேருந்து மூச்சு வாங்குது டீச்சர், பாத்துப் போங்க" என்பார். கதவில் காதை வைத்து ஒரு நிமிடம் கேட்பார். பிறகு கால்சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நீளமான ஒரு நோட்டில் எழுதுவார். ஒரு பக்கத்துக்கு இரண்டு கட்டம், ஒன்று பெரியவளுக்கு, ஒன்று சின்னவளுக்கு. தேதி, எத்தனை மணிக்கு நின்றது, எப்போது ஓடியது. இருபத்தாறு வருடமும் அந்த நோட்டுகளில் இருக்கிறது. யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

அவர் மனைவி தையல் வேலை செய்தவர். எங்கள் வீட்டுத் திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் அந்த அக்கா தைத்ததுதான். "இந்த வீட்டுல நான் மூணாவது ஆளு டீச்சர்," என்று சிரிப்பார். "முதல்ல பெரியவ, அப்புறம் சின்னவ. எனக்குத் தலைவலின்னா மாத்திரை எடுத்துக்கோங்கறார். அதுகளுக்கு லேசா சத்தம் வந்தா சாப்பாட்டுத் தட்ட விட்டுட்டு ஓடறார்."

மூன்று வருடம் முன்னால் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. தையல் மெஷினுக்கு உறை போட்டு மூடினார்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் படுக்கையில் கிடக்க வேண்டும். எட்டு மணிக்கு ஆள் வரவில்லை என்றால் அந்தப் படுக்கை வேறு ஒருவருக்குப் போய்விடும். மேல்கீழ் அக்காவை லிஃப்டில் கீழே கூட்டிவந்து, வாசலில் வண்டியில் ஏற்றிவிட்டு, கண்ணாடி வழியே ஒரு தரம் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அதற்கு மேல் அவரால் போக முடியாது. காலை நேரத்தில் ஆள் கட்டடத்தை விட்டு நகரக்கூடாது என்பது சங்கத்தின் விதி. அக்கா தனியாகப் போய்த் தனியாக வருவார்.

இரண்டு லிஃப்டும் ஓடினால் சரி. ஒன்று ஓடினாலும் சரி. இரண்டும் ஒரே காலையில் நின்றுவிட்டால்தான் கதை. கீழிருந்து மொட்டைமாடி வரை நூற்று அறுபத்திரண்டு படி. அக்காவால் பத்துப் படி இறங்க முடியாது.

அதனால்தான் போன வருடம் மேல்கீழ் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். தரைத்தளத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாமான் அறை உண்டு. உடைந்த நாற்காலிகளும் யாரும் ஆடாத ஒரு மேசைப்பந்து மேசையும் அதில் கிடந்தன. மொட்டைமாடி அறையை விட்டுவிடுகிறேன், அதற்குப் பதிலாக இந்த அறையைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

கூட்டம் நடந்த அன்று அவர் கதவோரம் நின்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டுச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர். எதற்கும் நாலு பேரிடம் கேட்டுத்தான் செய்வார். அன்றைக்கு மட்டும் அவர் யாரையும் கேட்காமல் தானே ஒரு கணக்குப் போட்டார்.

"பெரியவ பத்து நாளைக்கு ஒரு நாள் நிக்குது. சின்னவளும் அதே மாதிரிதான். அப்போ மொத்தம் பத்துல ரெண்டு. அஞ்சு நாளைக்கு ஒரு நாள் அந்தம்மா மாட்டிக்கும். பாவம்ங்க, குடுத்துடலாம்."

அதோடு விட்டிருக்கலாம். கூட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் தப்பான கணக்கு காதில் விழுந்தால் எனக்குப் பல் கூசும். அன்று பகலெல்லாம் ஐம்பத்தாறு பிள்ளைகளிடம் அதே தப்பைத் திருத்திக் களைத்து வந்திருந்தேன். எழுந்துவிட்டேன்.

"சார், கூட்டக்கூடாது. பெருக்கணும்." எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்படியா? டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும். வாங்க, போர்டுல எழுதிக் காட்டுங்க."

எழுதிக் காட்டினேன். வகுப்பில் சொல்வதை அப்படியே சொன்னேன். ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது என்கிற நிகழ்ச்சிகள் உண்டு. ஒரே நேரத்தில் பெரியவ மூன்றாம் மாடியிலும் இருக்க முடியாது, ஏழாம் மாடியிலும் இருக்க முடியாது. இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள். மூன்றிலோ ஏழிலோ இருப்பதற்கான வாய்ப்பு வேண்டுமானால் இரண்டையும் கூட்டலாம். ஆனால் இங்கே கேள்வி வேறு. இரண்டு லிஃப்டும் ஒரே நாளில் நிற்பதற்கு என்ன வாய்ப்பு? ஒன்று நிற்பதற்கும் மற்றது நிற்பதற்கும் சம்பந்தமில்லை. இரண்டும் சாரா நிகழ்ச்சிகள். ஆகவே பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றால் பெருக்கு. நூற்றில் ஒன்று. வருடத்துக்கு மூன்றரை நாள். அதில் டயாலிசிஸ் நாள் ஏழுக்கு இரண்டு. பெருக்கினால் வருடத்துக்கு ஒரு தடவை.

"வருஷத்துக்கு ஒரே ஒரு தடவையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒரே ஒரு தடவை," என்றேன். கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டுப் பெருமையாகத்தான் உட்கார்ந்தேன்.

பிறகு பேச்சு மாறிவிட்டது. வருடத்துக்கு ஒரு நாளுக்காக அறையைக் காலி செய்ய வேண்டுமா, நாற்காலிகளை எங்கே போடுவது, நுழைவாயில் பக்கத்தில் துணி காயப்போட்டால் பார்க்க நன்றாக இருக்குமா, மோட்டார் கோளாறானால் ஆள் உடனே மேலே இருக்க வேண்டாமா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த ஒரு நாள் மட்டும் எப்படியாவது சமாளித்துக்கொள்ளச் சொல்லிக் கடிதத்தை மூடினார்கள். மேல்கீழ் "சரிங்க" என்றார். போகும்போது என்னைப் பார்த்து, "ஒண்ணுதான்னா பரவாயில்ல டீச்சர், சமாளிச்சுடலாம்" என்றார். நம்பிக்கையோடுதான் சொன்னார். அதை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

அதற்கப்புறம் பத்து மாதம் எனக்கு ஒன்றும் தெரியாது. பரீட்சை வருடம் என்று காலையில் சிறப்பு வகுப்பு வைத்திருந்தார்கள். ஆறரைக்கே கிளம்பிவிடுவேன். அந்நேரத்துக்கு எப்படியும் ஒரு லிஃப்டாவது ஓடும். மாலையில் வரும்போதும் ஓடும். லிஃப்ட் சரியில்லை, மேல்கீழைப் பிடிக்கவே முடியவில்லை என்று பக்கத்து வீட்டில் புலம்பினால், இவர்களுக்குப் புலம்ப ஏதாவது வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. சிறப்பு வகுப்பு முடிந்துபோன வாரம் அது. ஏழரைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தால் இரண்டு லிஃப்ட் வாசலிலும் விளக்கு இல்லை. விடைத்தாள் கட்டோடு படியில் இறங்கினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு சின்ன முக்காலியில். மேல்கீழ் கீழ்ப்படியில், சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியபடி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்காவை முதுகில் சுமந்து இறக்கியிருக்கிறார். முக்காலியை அக்கா கையில் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். இரண்டு மாடிக்கு ஒரு தரம் அதைக் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொள்வார்களாம்.

பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"என்னக்கா இது கஷ்டம். சரி, இந்த வருஷத்துக்கு உள்ளது இதோட முடிஞ்சுது."

மேல்கீழ் கண்ணைத் திறந்தார். "ஏழாவது தடவ டீச்சர்," என்றார்.

குற்றம் சொல்கிற குரல் இல்லை. மணி கேட்டால் மணி சொல்வது மாதிரி சொன்னார்.

அக்காதான் சிரித்தார். "முதல் தடவ நின்னப்போ இவர் என்ன சொன்னார் தெரியுமா? டீச்சர் சொன்ன அந்த ஒண்ணு வந்துட்டுப் போயிடுச்சு, இனி இந்த வருஷம் பயமில்லன்னார். ரெண்டாவது நின்னப்போ, அடுத்த வருஷத்துது முன்னாடியே வந்துடுச்சுன்னார். அப்படியே எண்ணிக்கிட்டு வந்தா, இன்னையோட ஏழு வருஷத்துது முடிஞ்சாச்சு. உங்க கணக்குப்படி இன்னும் ஆறு வருஷத்துக்கு எனக்குத் தொல்லையில்ல. டாக்டர்தான் அவ்வளவு நாள் குடுக்கமாட்டேங்கறார்."

மேல்கீழ் எழுந்து முதுகைக் காட்டிக் குனிந்தார். அக்கா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். முக்காலியை நான் வாங்கிக்கொண்டேன். கீழே வண்டி வரைக்கும் கொண்டுவந்தேன். அன்று அவரும் அக்காவோடு வண்டியில் ஏறிப் போனார். அப்படி இறக்கிக் கூட்டிப்போகிற நாளில் அக்காவுக்குத் தலை சுற்றும் என்பதால், கூட ஆள் இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்களாம்.

வண்டி போன பிறகு தரைத்தளத்தில் கூட்டம் கூடியது. "ரெண்டும் நிக்குது, ஆளக் காணோம் பாருங்க. எப்பவும் இதே கதைதான்," என்று ஒருவர் சங்கத்தின் புகார் நோட்டை எடுத்து எழுதினார். நான் பள்ளிக்கு நடந்தேன்.

மாலையில் மொட்டைமாடிக்குப் போய் மேல்கீழிடம் அந்த நீள நோட்டைக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, விடைத்தாள் கட்டைத் தள்ளிவைத்துவிட்டு எண்ணினேன். கூட்டம் நடந்த மறுநாளிலிருந்து அன்று வரை முந்நூற்றொரு நாள். பெரியவ நின்றது முப்பத்தொரு நாள். சின்னவ இருபத்தொன்பது. பத்துக்கு ஒன்று என்பது சரிதான். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து நின்றது மூன்று நாள் இருக்க வேண்டும். நோட்டில் இருந்தது இருபத்து மூன்று. திரும்ப எண்ணினேன். இருபத்து மூன்றுதான்.

அந்த இருபத்து மூன்று நாளிலும் நேரத்தைப் பார்த்தால் ஒரே மாதிரி இருந்தது. முதலில் ஒன்று நிற்கிறது. முக்கால் மணியோ ஒரு மணியோ கழித்து, ஏழு மணி வாக்கில், மற்றதும் நிற்கிறது. மறுநாள் காலை மேல்கீழிடம் கேட்டேன்.

"அதுல என்ன அதிசயம் டீச்சர்? பள்ளிக்கூடம், ஆபீஸ்னு எட்டு மாடி ஜனமும் இறங்குற நேரம். ஒருத்தி படுத்துட்டா மொத்தப் பாரமும் இன்னொருத்தி தலையில விழுது. எட்டுப் பேர் ஏற வேண்டிய இடத்துல பன்னெண்டு பேர் நிக்கறாங்க. அவளும் எவ்வளவு நேரம்தான் ஒத்தையா இழுப்பா? சூடாகி நின்னுடுவா."

"இத அன்னைக்குக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"நீங்க போர்டுல எழுதிக் காட்டுனீங்க. நான் படிக்காதவன். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன்."

இருபது வருடமாகக் கேள்வித்தாளில் எழுதுகிறேன்: 'இரண்டு இயந்திரங்கள் ஒன்றையொன்று சாராமல் இயங்குகின்றன.' எழுதிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் பெருக்கிவிடும். நானே எழுதிக்கொள்கிற வரி என்பதால், அது உண்மையா என்று கேட்கிற பழக்கம் எனக்குப் போய்விட்டது. கேட்கவேண்டிய ஆள் கதவோரம் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தார். செயலாளர் சொன்னது உண்மையைவிட இரண்டரை மடங்கு கூடுதல். நான் சொன்னது ஏழரை மடங்கு குறைவு. ஒன்றும் தெரியாமல் கூட்டிய மனிதர் கரைத்துக் குடித்தவளைவிடப் பக்கத்தில் வந்திருக்கிறார்.

அடுத்த கூட்டத்துக்கு நீள நோட்டையும் சங்கத்தின் புகார் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். முதலில், போன வருடம் நான் போட்ட கணக்கு தப்பு என்றேன். முகத்தில் அசடு வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

செயலாளருக்குக் கொஞ்சம் கோபம். "அன்னைக்கு நான் சொன்னப்போ எல்லாரும் சிரிச்சீங்க."

"தப்புத்தான் சார். மன்னிச்சுக்கோங்க."

ஆனால் வருடத்துக்கு ஒன்று இல்லை, எட்டோ ஒன்பதோ என்று சொன்னபோது யாரும் பெரிதாக அசையவில்லை. மாதத்துக்கு ஒரு நாள்கூட இல்லையே என்றார் ஒருவர். நாற்காலிகள் என்றார் இன்னொருவர். எனக்கு மண்டை காய்ந்தது. கடைசியில் புகார் நோட்டைத் திறந்தேன்.

"இதுல ஏழு புகார் இருக்கு. ரெண்டும் நின்னுது, ஆள் இல்லன்னு. ஏழும் செவ்வாய் இல்லன்னா வெள்ளி. ரெண்டும் நின்ன மத்த பதினாறு நாள்லயும் ஒரு மணி நேரத்துல சரி பண்ணியிருக்கார், நோட்டப் பாருங்க. இந்த ஏழு நாள் மட்டும் மத்தியானம் வரைக்கும் நின்னிருக்கு. ஏன்? அந்த மனுஷன் ஒரே நேரத்துல மோட்டார் ரூம்லயும் இருக்க முடியாது, ஆஸ்பத்திரியிலயும் இருக்க முடியாது. ஒண்ணு நடந்தா இன்னொண்ணு நடக்காது. கீழ ரூம் குடுத்துட்டா அந்தம்மா தானே வண்டியேறிப் போயிடுவாங்க. இவர் எங்கயும் போக வேண்டியதில்ல. மெஷின் பக்கத்துலயே இருப்பார்."

அது வேலை செய்தது. தன் காலை நேரம் என்றதும் எல்லோருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் அறையைக் கொடுத்துவிட்டார்கள். மேசைப்பந்து மேசையை எட்டாம் மாடிக்காரர் எடுத்துக்கொண்டார். கதவோரம் நின்ற மேல்கீழ் அப்போதும் "சரிங்க" என்றுதான் சொன்னார். நான் எதிர்பார்த்த அளவுக்கு முகம் மலரவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் இறக்கினோம். தையல் மெஷினைச் சின்னவளில் ஏற்றி, அலுங்காமல் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்தார். அக்கா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். மூன்று வருடத்தில் தெருவை இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவே இல்லை என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. செய்த தப்பைத் திருத்திவிட்டேன் என்று அன்று நன்றாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி இரண்டும் நின்றன. ஏழரைக்கு நான் படியிறங்கி வந்தேன். தரைத்தளத்தில் அக்கா புடவை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். வண்டி வாசலில் நின்றது. மேல்கீழ் மேலே மோட்டார் அறையில். எல்லாம் நான் கூட்டத்தில் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. அக்காவின் கையைப் பிடித்து வண்டிக்குக் கூட்டிப்போனேன்.

"இப்ப சௌகரியமா இருக்கா அக்கா?"

"ரொம்ப சௌகரியம் டீச்சர். உங்களாலதான்."

வண்டிக்குள் உட்கார்ந்து பையைச் சரிசெய்துகொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சொன்னா சிரிப்பீங்க. ரெண்டும் நிக்கற நாள்லதான் அவர் என்கூட வருவார். மத்த நாளெல்லாம் தனியாத்தானே கிடப்பேன். அந்த ஏழு நாளும் பக்கத்து நாற்காலியில நாலு மணி நேரம் உக்காந்திருந்தார். பேச்செல்லாம் ஒண்ணும் கிடையாது, சுவத்துல சாஞ்சு தூங்கிடுவார். நானும் எழுப்பமாட்டேன். பாவம், அங்கதானே அவருக்கு மணி அடிக்காது. அவர் தூங்கறதப் பாத்துக்கிட்டே கிடந்தா எனக்கு நேரம் போறதே தெரியாது."

வண்டி கிளம்பிவிட்டது. நான் விடைத்தாள் பையோடு தெருவில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. மூன்று வருடத்தில் அந்த இருவருக்கும் சேர்ந்து கிடைத்தது ரெண்டும் நின்ற அந்தச் சில காலைகள்தான். அதையும் நான் புகார் நோட்டைக் காட்டி, கூட்டத்தில் பேசி ஜெயித்து, நிறுத்திவைத்திருக்கிறேன்.

திரும்பி நூற்று அறுபத்திரண்டு படியும் ஏறினேன். மூட்டு இரண்டும் கெஞ்சின. மோட்டார் அறையில் மேல்கீழ் கையெல்லாம் எண்ணெயோடு குந்தியிருந்தார்.

"சின்னவ இப்பதான் எழுந்தா டீச்சர். பெரியவளுக்கு இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகும்."

"பெரியவ மத்தியானம் வரைக்கும் படுத்திருக்கட்டும். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"எப்படி டீச்சர்? சின்னவ ஒத்தையா இழுக்கணும். கூட்டம் ஏறும். அரை மணியில நின்னுடுவா. அப்புறம் புகார் எழுதுவாங்க."

"நான் கீழ வாசல்ல நிக்கறேன். ஆறு பேருக்கு மேல ஒரு ஆள ஏத்தமாட்டேன். ஒவ்வொரு மாடிக்கும் போன் பண்ணி, இறங்குறவங்களும் ஆறு பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு சொல்லிடறேன். பாரம் கூடலன்னா நிக்கமாட்டா இல்ல?"

அவர் கை எண்ணெயைத் துணியில் துடைத்தார். "நிக்கமாட்டா," என்றார்.

"அப்போ கிளம்புங்க அண்ணே."

இருவரும் சின்னவளில் இறங்கினோம். ஆறாம் மாடி தாண்டும்போதே நின்றபடி கண்ணை மூடிவிட்டார். கீழே வந்ததும் நான்தான் தட்டி எழுப்பினேன். சட்டைகூட மாற்றாமல் தெருவுக்கு ஓடினார்.

பள்ளிக்குப் போன் செய்து அரைநாள் விடுப்பு சொன்னேன். பிறகு லிஃப்ட் வாசலில் அந்த முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஏச்சுப் பேச்சுக்குக் குறைவில்லை. டீச்சருக்கு லிஃப்ட் வேலை கிடைத்துவிட்டதா என்று எட்டாம் மாடிக்காரர் கேட்டார். ஏழாவதாக ஏறப் பார்த்த செயலாளரையே கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். மதியம் வரை சின்னவ ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஒன்றையொன்று சாராமல் இயங்குகின்றன என்று இருபது வருடம் எழுதிய வரி அன்று ஒரு காலைப்பொழுது உண்மையாக இருந்தது. அதற்கு ஓர் ஆள் வாசலில் உட்கார வேண்டியிருந்தது.

ஒரு மணிக்கு இருவரும் வந்தார்கள். மேல்கீழின் ஒரு பக்கக் கன்னத்தில் சுவரின் சொரசொரப்பு அப்படியே பதிந்திருந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். மாலையில் வரும்போது நீள நோட்டு முக்காலிமேல் திறந்து கிடந்தது. அன்றைய தேதிக்கு எதிரில் பென்சிலில் எழுதியிருந்தது: 'பெரியவ, காலை 6.20 முதல் பகல் 2.30 வரை. சின்னவ, 7.05 முதல் 7.50 வரை, பிறகு நிற்கவில்லை. ஆள்: டீச்சர்.'